பெரியவள் தபால்தலையில் சின்னவள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நிம்மதியாகப் பொய் சொல்லலாம்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒருநாள் புகைந்து, முனகி, நின்றுபோனது. அடுத்த தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவர் இருக்கிறார் என்றார்கள். கோணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டின் முன்னறைதான் அவர் பட்டறை. செம்புக்கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாடை, வயிறு திறந்து கிடக்கும் மின்விசிறிகள். மேசைமேல் ஒரு கண்ணாடிப் பலகை, அதற்கடியில் தனியாக ஒரு தபால்தலை. சாம்பல்நிறப் போர்க்கப்பல். பின்தளத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சின்னஞ்சிறு கொடிகள்.

"கடற்படையில இருந்தீங்களா? இது உங்க கப்பலா?" என்று கேட்டேன். சும்மா, பேச்சுக்குத்தான்.

"இல்ல, என் மச்சினனோடது" என்றார் அவர்.

"ஆமா, அவரோடதுதான்" என்றது உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்.

ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்தார். உள்ளே பாத்திரம் ஒன்று கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது. நான் மோட்டாரை மறந்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

2

தொடங்குவதற்கு மூன்று முறை முயன்றேன். அடித்ததை அழிக்காமல் விடுகிறேன்.

தொடக்கம் ஒன்று: ‘இரும்பு நிறத்தில் விடிந்த கடலைப் பிளந்துகொண்டு அந்த இரண்டு கப்பல்களும்—’

(வேண்டாம். அன்று கடல் என்ன நிறத்தில் விடிந்தது என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டதற்கு, "நான் கீழ ஜெனரேட்டர் பக்கத்துல இருந்தேன். எனக்கும் தெரியாது" என்றார்.)

தொடக்கம் இரண்டு: ‘தபால்தலை என்பது ஒரு நாடு தன் ஞாபகத்துக்குப் பின்னால் தடவிக்கொள்ளும் பசை—’

(இது கதை இல்லை, கட்டுரை. அதுவும் கைதட்டலுக்காக எழுதும் கட்டுரை. ஆனால் இதை எழுதும் சாக்கில் நிறையக் கப்பல் தபால்தலைகளைப் பார்த்தேன். என் கண்ணில் பட்டவரை, ஒன்று ஜெயித்த கப்பல், இல்லையென்றால் மூழ்கிய கப்பல். பாதி வழியில் பழுதாகித் திரும்பி வந்த கப்பலுக்கு யாரும் பசை தடவவில்லை. இந்த ஒரு வரி பிறகு தேவைப்படும், இங்கேயே இருக்கட்டும்.)

தொடக்கம் மூன்று, எந்த வேலைப்பாடும் இல்லாமல்:

ஒரே கப்பல் கட்டும் துறையில், ஒரே வரைபடத்தை வைத்து, இரண்டு போர்க்கப்பல்கள் கட்டினார்கள். அரசாங்கம் வைத்த பெயர்கள் நீளமானவை. மாலுமிகள் வைத்த பெயர்கள் பெரியவள், சின்னவள். பெரியவள் முதலில் தண்ணீரில் இறங்கினாள் என்பதைத் தவிர இருவருக்கும் வித்தியாசம் கிடையாது. சின்னவளில் நம் காயில்காரர் மின்பணியாளர். பெரியவளில் அவர் மனைவியின் தம்பி சமிக்ஞைக்காரன், அதாவது கொடியாலும் விளக்காலும் மற்றக் கப்பல்களோடு பேசுகிறவன். அக்கா வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனும் கடற்படையில் சேர்ந்தான்.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

சண்டை மூண்டபோது இரண்டு கப்பல்களும் சேர்ந்துதான் புறப்பட்டன. நடுக்கடலில் சின்னவளின் ஜெனரேட்டர் எரிந்துபோனது. காயில்காரர் கை வெந்தது, கம்பி வெந்தது, மின்சாரம் மட்டும் வரவில்லை. இருட்டுக் கப்பலால் சண்டை போட முடியாது. திரும்பு என்று உத்தரவு வந்தது. பெரியவள் தனியாக மேலே போனாள். பிறகு அவள் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லவே இல்லை.

(இங்கே பெரியவள் மூழ்கும் காட்சி ஒன்று எழுதி வைத்திருந்தேன். தீ, சாய்ந்த தளம், கடைசிவரை கொடியை இறக்காத தம்பி. எடுத்துவிட்டேன். பார்த்தவர்கள் யாரும் திரும்பவில்லை. நான் மட்டும் எப்படிப் பார்த்தேன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?)

காயில்காரர் கையில் கட்டுடன் வீடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற மனைவி கேட்டது ஒன்றுதான்.

"கையில என்ன?"

"வெந்துடுச்சு."

"உள்ள வாங்க."

அவ்வளவுதான். நீங்கள் மட்டும் எப்படித் திரும்பினீர்கள் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு வந்த எந்தச் சண்டையிலும், வாய் தடித்த எந்தக் கோபத்திலும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவருக்குப் பெரிய பாரம். அதைவிடப் பெரிய பாரம், அவர் எதிரில் அவள் தம்பி பேச்சையே எடுக்காமல் இருந்தது. ஊர் அப்படி இல்லை. பயந்து ஓடிவந்தவள் என்கிற அர்த்தத்தில் "திரும்பிவந்த கப்பல்" என்று சின்னவளுக்குப் பெயர் வைத்தது. கொஞ்ச காலத்தில் அவளை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். காயில்காரர் வேலையை விட்டு, முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெண் பிறந்தாள், வளர்ந்தாள், கட்டிக்கொடுத்தார்கள். தலை நரைத்தது. இதையெல்லாம் நான் ஒரே வரியில் தாண்டுகிறேன், மன்னிக்கவும். எனக்குத் தபால்தலைக்குப் போக வேண்டும்.

4

பெரியவள் மூழ்கிய ஆண்டுநிறைவுக்குத் தபால்தலை வெளியிடப்போகிறார்கள், இறந்தவர்களின் குடும்பங்கள் விழாவுக்கு வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. தடித்த அட்டையில் தபால்தலையைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். மனைவி அதைப் பிரித்துப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு அவர் மேசைமேல் வைத்தாள்.

காயில்காரர் கையிலிருந்த வார்னிஷ் பிரஷை ஓரமாக வைத்தார். மெல்லிய கம்பியைப் பார்க்கிற உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

கப்பலின் பின்தளத்தில் ஒரு கம்பி. விளக்குக் கம்பத்துக்கும் படகு தூக்கும் கொக்கிக்கும் நடுவே, லேசாகத் தொய்ந்து. அதில் வரிசையாகக் கொடிகள்.

அவை கொடிகள் இல்லை.

அது சின்னவளில் அவர் கட்டிய துணி காயப்போடும் கொடி. மிச்சம் விழுந்த மின்கம்பியை முறுக்கி அவரே இழுத்துக் கட்டியது. தொங்குபவை பனியன்கள், கால்சட்டைகள், இரண்டு துண்டுகள். சின்னவளின் தலைவர் இளகிய மனுஷன், கண்டுகொள்ள மாட்டார். பெரியவளில் கைக்குட்டை காயப்போட்டால்கூடத் தண்டனை.

(எனக்குச் சந்தேகம் வந்தது. தொய்ந்த கம்பி ஒன்றை வைத்து ஒருவர் கப்பலை அடையாளம் சொல்ல முடியுமா? கேட்டேன். "நீங்க எழுதினதை இன்னொருத்தர் எழுதினதுக்கு நடுவுல சொருகி வெச்சா உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். பாதி உண்மை.)

முதலில் அவருக்குள் எழுந்தது சந்தோஷம். அதை மறைக்காமல் சொல்கிறேன், அவரும் மறைக்கவில்லை. ‘அடி சின்னவளே, நீயா!’ என்று இருந்தது. இரும்புக் கடையில் எடை போட்டு விற்கப்பட்டவள் ராணி மாதிரி தபால்தலையில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த மூச்சில்தான் அது யாருடைய தபால்தலை என்பது உறைத்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. உருப்பெருக்கி நழுவி மேசையில் விழுந்து உருண்டது.

மனைவி பதறிப்போய்த் தோளைப் பிடித்தாள்.

"என்னங்க… என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி." பிறகு மெதுவாக, "அவனுக்காக நீங்க அழுது நான் பாத்ததே இல்லியே" என்றாள்.

இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அவர் திறக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது அவள் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவன் சைக்கிள் கற்றுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் போனது. அவளைப் பெண்பார்க்க இவர் வந்த அன்று, இவருடைய செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் நடந்து காட்டியது. இத்தனை வருஷமாகப் பூட்டிவைத்த பேச்சு. மறுநாளும் பேசினாள், அதற்கு மறுநாளும் பேசினாள். சிரித்தாள்கூட. காயில்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் தபால்தலை போகும், அவர் அழுத அழுகை போகும், இந்தப் பேச்சும் நின்றுபோகும்.

5

விழாவுக்கு முன்னால் ஒருநாள், கம்பி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அவர் தபால்தலை வரைகிற அலுவலகத்துக்குப் போனார்.

வரைகலைக்காரப் பெண்ணுக்கு அவருடைய மகள் வயது இருக்கும். சாய்ந்த மேசை, மேசையெல்லாம் வண்ணம் பூசிப் பார்த்த காகிதத் துண்டுகள், கட்டைவிரலில் பிளாஸ்திரி. அவர் தயங்கித் தயங்கி, "இது அந்தக் கப்பல் இல்லம்மா" என்றார்.

(இங்கே நான் அந்தப் பெண்ணைத் திமிர் பிடித்தவளாக எழுதத் தொடங்கினேன். அப்படி எழுதினால் கதை சுலபமாக நகரும். ஆனால் அவர் சொன்ன பெண் அப்படி இல்லை. அடித்துவிட்டேன்.)

"தெரியும் சார்" என்றாள் அவள். "உட்காருங்க. பெரியவளுக்கு உருப்படியா ஒரு போட்டோகூட எங்கயும் இல்ல. இருக்கிற ஒண்ணுலயும் பாதிக் கப்பல் புகையில மறைஞ்சிருக்கு. அருங்காட்சியகத்துல இதைக் குடுத்தாங்க. ரெண்டும் ஒரே அச்சு, யாருக்குத் தெரியப்போகுதுன்னாங்க. எனக்கு மனசு உறுத்துச்சு. ஆனா படம் இல்லன்னா தபால்தலையே வேணாம்னு விட்டுடுவாங்க சார்."

"ம்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் சின்னவள்ல இருந்தவன்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஒரு கப்பலின் மனிதரை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவசரமாகப் பெரிய படத்தை எடுத்து விரித்தாள். "கருப்பு வெள்ளைப் படம் சார். கலர் எல்லாம் நான் குடுத்தது. இந்தக் கொடிங்களுக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன். இஷ்டத்துக்குக் கலர் அடிக்கக் கூடாதில்ல? சமிக்ஞைப் புத்தகம் வாங்கிப் படிச்சு, அர்த்தம் வர்ற மாதிரி வரிசையாக் குடுத்திருக்கேன். சரியா இருக்கா சார்?"

காயில்காரர் அந்த நீல மஞ்சள் சதுரத்தைப் பார்த்தார். அது அவருடைய பனியன். அக்குளில் கிழிந்திருக்கும்.

"ரொம்ப சரியா இருக்கும்மா" என்றார்.

6

விழா மண்டபத்தில் முதல் வரிசை முழுக்கக் குடும்பங்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு வயதான அம்மா, பெரியவளில் போன மகனின் தாய். தபால்தலையைக் கையில் கொடுத்ததும் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். காயில்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

கடற்படை அதிகாரி ஒருவர் பேச எழுந்தார். திரையில் தபால்தலை பெரிதாக விழுந்தது.

"இந்தக் கொடிகளை எல்லாரும் கவனிக்கணும்" என்றார் அவர். "சமிக்ஞை மொழியில இதுக்கு அர்த்தம் உண்டு. ‘உடன் வருகிறேன்.’ ஒரு கப்பல் தன் கூட வர்ற கப்பலுக்குச் சொல்ற வார்த்தை. பெரியவள் நமக்குச் சொல்லிட்டுப் போன வார்த்தை."

திரையில் ஆள் உயரத்துக்குக் கால்சட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. திரும்பிவந்த கப்பல், தன் பனியன்களையும் ஜட்டிகளையும் உயர்த்தி, ‘உடன் வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

காயில்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடக்கப் பார்த்தார். தோள் குலுங்கியது. துண்டை வாயில் வைத்து அழுத்தினார். துண்டைப் பார்த்ததும் இன்னும் வந்தது. மகனைப் பறிகொடுத்த அம்மா அவர் முழங்கையைத் தடவி, "அழாதீங்கப்பா, எல்லாருக்கும் அதே கஷ்டந்தான்" என்றார். அதிகாரி மேடையிலிருந்து தலையசைத்து ஆறுதல் சொன்னார். மனைவி மட்டும் அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். இவர் அழுவதற்கும் சிரிப்பதற்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாள்?

7

இங்கே பல கதைகள் பல திசையில் போகும். ஒன்றில் அவர் வீட்டுக்கு வந்து அவள் காலில் விழுகிறார். ஒன்றில் கடைசிவரை சொல்லாமலே செத்துப்போகிறார், படித்து முடித்ததும் நமக்கு நெஞ்சை அடைக்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவது நன்றாகவே வந்தது, அதனாலேயே அதை நம்பவில்லை.

நடந்தது இது. பேருந்தில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். இரண்டு நிறுத்தம் போனது. பிறகு அவள் பையைத் திறந்து தபால்தலையை வெளியே எடுத்து, அவர் மடியில் வைத்தாள்.

"இதுல எது உங்க பனியன்?"

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு… எப்படி?"

"லீவுக்கு வந்தா அவன் கேலி பண்ணுவானே. ‘அத்தான் இருக்கிறது கப்பலா அது, சலவைக்கடை’ன்னு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இத்தனை நேரம் எனக்குத் தோணலை. நீங்க சிரிச்சதும் தோணிடுச்சு."

அவர் விரலால் தொட்டுக் காட்டினார். நீலமும் மஞ்சளும்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று நிறுத்தினாள்.

"அப்போ அன்னிக்கு அழுதது?"

பேருந்து ஒரு வளைவில் திரும்பியது.

"அவனுக்கும்தான்" என்றார்.

(‘அவனுக்கும்தான்’ என்று அவர் உண்மையிலேயே சொன்னாரா என்று அவர் மனைவியிடம் தனியாகக் கேட்டேன். "அப்படித்தான் என்னமோ சொன்னாரு. பேருந்து சத்தத்துல சரியாக் கேக்கல" என்றார் அந்த அம்மா. கேட்டதாகவே நான் எழுதுகிறேன்.)

8

கதை அங்கேயே முடிந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம். முடியவில்லை.

தபால்தலை எதிர்பார்த்ததைவிட வேகமாக விற்றுத் தீர்ந்தது. மறுபடி அச்சடிக்கப்போகிறார்கள். வரைகலைக்காரப் பெண் காயில்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். விழாவுக்குப் பிறகு ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்ததாம். பெரியவள். முழுசாக, வெயிலில், புகை இல்லாமல். தளத்தில் ஒரு துணிகூட இல்லை.

"நான் மாத்திடலாம் சார், ‘மேம்படுத்திய பதிப்பு’ன்னு போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா உங்க கப்பல் இதுக்கப்புறம் எதுலயும் வராது. எனக்கு அதை அழிக்கக் கை வரலை. நீங்க சொல்லுங்க. நாளைக்கு மறுபடி கூப்பிடறேன்."

அன்றைக்குத்தான் நான் மோட்டாரோடு போய் மாட்டியது.

"மாத்தணும்" என்றார் காயில்காரர் என்னிடம், நான் ஏதோ நீதிபதி மாதிரி. "செத்தவங்களுக்குன்னு ஒரு தபால்தலை. அதுல அவங்க கப்பல் இருக்கணும். என் மச்சினன் நின்ன தளம் இருக்கணும். எங்க பனியன் எதுக்கு அங்க?"

"மாத்த வேணாம்" என்றார் அவர் மனைவி, கையில் ஈரப் பாத்திரத்தோடு வந்து நின்று.

"அவ தம்பிக்காகப் பேசறேன், அவளே வேணாங்கறா பாருங்க!"

"என் தம்பி எந்தக் கப்பல்ல போனான்னு எனக்குப் படம் போட்டுக் காட்ட வேணாம். அந்தக் கப்பலை நான் ஏன் தினமும் பாக்கணும்? அது அவனைத் திருப்பிக் கொண்டுவரலை." அவர் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இது உங்களைக் கொண்டுவந்துச்சு."

காயில்காரர் கம்பியின் நுனியைத் தேடுகிறவர் மாதிரி சுருளைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

பிறகு, "அந்த அம்மா கன்னத்துல வெச்சுக்கிட்டாங்களே, அவங்க மகனுக்கு என்ன பதில்?" என்றார்.

"அவங்க கன்னத்துல இருந்தது அவங்க மகன்தான். நீங்க எதைப் போட்டாலும்."

"பொய்யை எத்தனை தடவை அச்சடிக்கிறது?"

"இத்தனை வருஷம் உங்க கப்பலைப் பத்தி ஊரு சொன்னது மட்டும் நிஜமா?"

இரண்டு பேரும் சரி. எழுதுகிறவனுக்கு இதைவிடச் சங்கடமான நிலைமை கிடையாது. ஒருவர் தவறாக இருந்தால் முடிவு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் ‘மாற்றுங்கள்’ என்று சொன்னதாக எழுதினேன்: அவர் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டார், வெளியே வரவே இல்லை. ‘மாற்ற வேண்டாம்’ என்று எழுதினேன்: காயில்காரர் அந்தக் கண்ணாடிப் பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டார். இரண்டு தாளையும் கிழித்தேன். அந்த ஒருநாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை, மோட்டாரைக்கூட ஆள் அனுப்பித்தான் வாங்கினேன். என்ன சொன்னார்கள் என்று விசாரிக்கவும் இல்லை. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் எழுதித் தொலைத்திருப்பேன்.

ஆகவே என்னால் முடிந்த இடம் வரை கொண்டுவந்து நிறுத்துகிறேன். மறுநாள். வெயில் ஏறிய முன்னறை. மேசை ஓரத்தில் தொலைபேசி அடிக்கிறது. காயில்காரரின் இரண்டு கையிலும் பாதி கட்டிய காயில், விட்டால் மொத்தமும் பிரிந்துவிடும். அவர் மனைவியின் கை முழங்கை வரை சோப்பு நுரை. நானோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கை சும்மா இருப்பது உங்களுக்கு மட்டும்தான். எடுங்கள், அந்தப் பெண் காத்திருக்கிறாள்.